மீசை இல்லாத புள்ளி

உங்கள் கணுக்கால் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர்? யோசிக்காமல் சட்டென்று சொல்லுங்கள், பார்ப்போம்.

தெரியாது, இல்லையா? இடுப்பு அளவு தெரியும், செருப்பு சைஸ் தெரியும். கணுக்காலை யார் அளக்கப் போகிறார்கள்? எனக்கும் என்னுடையது தெரியாது. ஆனால் ஒரு காலத்தில், தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் இருந்த இருபது முப்பது பேரின் கணுக்கால் அளவு எனக்கு மனப்பாடம். ஆளைத் தெரியாது, பெயர் தெரியாது. நம்பரும் கால் அளவும் மட்டும் தெரியும்.

அன்றைக்கு ஆகஸ்ட் மாதத் தூறல். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஃபேன். கீழே மார்க்கெட்டிலிருந்து நனைந்த முட்டைக்கோஸ் நாற்றம் ஏறி வந்துகொண்டிருந்தது. பிரிண்டர் சூடாக ஒரு தாளைத் துப்பியது. ஆபீஸ் முதலாளி அஜின் அண்ணன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மக்கா ஜெபா, இந்தப் புள்ளிக்கு மீசை எங்க?"

"மீசை வைக்க ஆளு இல்லண்ணே."

"எல்லாப் புள்ளிக்கும் இருக்கு. இதுக்கு மட்டும் மொட்டையா கிடக்கு. உனக்க புரோகிராம் சதி பண்ணுதா?"

"புரோகிராம் சரிதான். அந்த எடத்துல ஒரே ஒரு ஆளுதான் இருக்கான்."

அந்த மொட்டைப் புள்ளியைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தி. போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியதற்குப் பழைய வார்டன் ஃபோன் போட்டுத் திட்டினார். இந்த வாரம் யாரும் திட்ட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கிராஃபுக்கு யாரும் வக்காலத்து வாங்குவதில்லை.

அங்கோட்டு இங்கோட்டு

முதலில் மீசையைச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேரின் கால் அளவை எடுத்துச் சராசரி போட்டால் ஒரு எண் வரும். கிராஃபில் அது ஒரு புள்ளி. ஆனால் பத்துப் பேரும் ஏறத்தாழ ஒரே அளவா, இல்லை ஒருவன் ஒல்லி ஒருவன் குண்டா என்பது புள்ளியைப் பார்த்தால் தெரியாது. அதனால் புள்ளிக்கு மேலேயும் கீழேயும் ஒரு கோடு இழுப்போம். கோடு நீளமென்றால் ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள். குட்டை என்றால் நெருங்கி நிற்கிறார்கள். இதற்கு எரர் பார் என்று பெயர். கோட்டின் இரண்டு நுனியிலும் குறுக்கே ஒரு சின்னக் கோடு இருக்கும், முறுக்கிவிட்ட மாதிரி. எங்கள் ஆபீஸில் அது மீசை.

அருமனையில் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு தினமும் நடக்கும், யாரும் அதை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று சொன்னதில்லை. அப்பா ரப்பர் தோட்டத்திலிருந்து வருவார்.

"நாளைக்கு எவ்வளவு பால் கிடைக்கும்?" என்று அம்மா கேட்பார்.

"இருவது லிட்டர். அங்கோட்டு இங்கோட்டு ஒரு அஞ்சு."

"ஒண்ணச் சொல்லுங்க. அங்கோட்டா, இங்கோட்டா?"

"ஒண்ணச் சொன்னா பொய்யாப் போயிரும்."

எம்.எஸ்சி. முடித்து நான் இந்த வேலையில் சேர்ந்தபோது, சர்ச்சில் யாராவது விசாரித்தால் அம்மா சொல்லும் பதில் ஒன்றுதான்: "கம்ப்யூட்டர்ல கோடு போடுதா." எனக்கு ரோஷம் வரும். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

தென்னையை விடப் பருத்த கால்

ஆரம்பத்தில் கோடுகளைக் கையால்தான் போட்டோம். ஒரு மருந்து கம்பெனி பல ஊர்களில் மருந்துச் சோதனை நடத்தும். அந்த டேட்டா, அதைச் சேகரிக்கிற பெங்களூர் ஆபீஸைச் சுற்றி எங்களிடம் வரும். கணுக்கால், கெண்டைக்கால், பாதம், வலி, காய்ச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராஃப். சோதனை நடக்கிற ஒவ்வொரு ஊர் சென்டருக்கும் தனித்தனி. சராசரியைக் கணக்கிட்டு, சிதறலைக் கணக்கிட்டு, கூட்டி, கழித்து, மீசையை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். முழுக்க முடித்து நிமிரும்போது பெங்களூரிலிருந்து மெயில் வரும்: டேட்டாவில் சின்னத் திருத்தம். மறுபடி முதலிலிருந்து.

மூன்றாவது தடவை அப்படி மெயில் வந்தபோது எனக்கு வந்த வெப்ராளத்தில், ஆத்திரத்தில், எழுதியதுதான் அந்த மேக்ரோ. மேக்ரோ என்றால், நாம் செய்வதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்துவிட்டால் கம்ப்யூட்டரே செய்துகொள்ளும் ஏற்பாடு. எந்த டேட்டா, எந்த அளவு, எந்த சென்டர் என்று மூன்று விஷயம் சொன்னால் போதும். சராசரி போடும், மேல்நுனி கீழ்நுனி கண்டுபிடிக்கும், கோடு இழுக்கும், அடுத்த பக்கத்துக்குப் போகும். ஏ குழு, பி குழு என்று இரண்டு கோடு வரும்போது மீசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதற்காக ஏ-வை ஒரு மயிரிழை இடப்பக்கமும் பி-யை ஒரு மயிரிழை வலப்பக்கமும் நகர்த்தினேன். அதைச் செய்து முடித்த அன்று பெருமையில் நானே பழம்பொரி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். எல்லோரும் என்றால் அஜின் அண்ணன்.

முதல் ஓட்டத்திலேயே ஒரு கால் தாளுக்கு மேலே பறந்தது. பார்த்தால் ஒரு ஆளின் கணுக்கால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது சென்டிமீட்டர்.

"ஏய், இவ்வளவு பருமனுக்கு இங்க தென்னை கூடக் கிடையாதே," என்றார் அண்ணன்.

ஆள் வராத நாளுக்கு 999 என்று போட்டு வைப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். மேக்ரோவுக்கு அது தெரியாது, அதையும் காலென்று நினைத்துச் சராசரியில் சேர்த்துவிட்டது. சரி செய்தேன். வராத ஆளைக் கணக்கிலேயே எடுக்காதே என்று ஒரு வரி சேர்த்தேன். அப்புறம் ஒரு கிளிக்கில் மொத்த கிராஃபும் வந்தது.

வராத ஆளை விட்டுவிடு. எழுதும்போது அந்த வரி ரொம்பச் சாதுவாகத்தான் தெரிந்தது.

ஷைனியின் சென்டர்

அந்தக் கடற்கரை ஊர் சென்டரை நடத்தியவள் ஷைனி. நர்ஸ். நாகர்கோவில் ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி. சர்ச்சுக்குச் சொந்தமான பங்கு ஹாலின் பின்பக்க அறையில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, நாலைந்து பிளாஸ்டிக் பேசின். யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள் வருவார்கள். ஷைனி காலைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வாள், விரலிடுக்கு விடாமல் துடைக்கச் சொல்வாள், புண் இருந்தால் மருந்து வைப்பாள். அப்புறம் டேப் வைத்து அளந்து, மாத்திரை கொடுப்பாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. ஏ-வுக்கு எது, பி-க்கு எது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டும் ஒரே வெள்ளை.

அந்த ஊரில் பலர் அந்தக் காலோடு பஸ் ஏற மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பஸ்ஸில் போக வேண்டும். பஸ்ஸில் எல்லோரும் காலைப் பார்ப்பார்கள். அதனால் போகாமலே இருந்தார்கள். பங்கு ஹால் என்றால் நடந்தே வந்துவிடலாம், பின்வாசல் வழியாக. ஷைனி ஒருமுறை சொன்னாள்: "இத மூடுனா இவிய எங்கயும் போவ மாட்டாவ ஏட்டி. வீட்டுக்குள்ளயே கிடப்பாவ."

மூடுகிற பேச்சு வந்தது அந்த ஆகஸ்டில்தான். கம்பெனியின் மும்பை ஆபீஸிலிருந்து புராஜெக்ட் மேனேஜர் சொல்லிவிட்டார்: சென்டர் சென்டராக கிராஃப் வேண்டும். வீக்கம் இறங்காமல் ஏறுகிற சென்டரில் ஆட்கள் மாத்திரை சாப்பிடவில்லை என்று அர்த்தம், அதை மூடிவிடலாம்.

ஷைனியின் சென்டரில் இரண்டு கோடும் மூன்று விசிட்டாக, அதாவது ஆட்கள் அளக்க வந்த மூன்று தடவையும், அழகாக இறங்கி வந்தன. நாலாவது விசிட்டில் பி குழுவில் யாருமே வராததால் அந்தக் கோடு பாதியில் நின்றது; ஏ குழு செங்குத்தாக மேலே ஏறியது. அங்கே, உச்சியில், அந்த மொட்டைப் புள்ளி.

ஒரு ஆளை வைத்துச் சிதறலைக் கணக்கிட முடியாது. சிதற இன்னொரு ஆள் வேண்டுமே. அதனால் சாஃப்ட்வேர் மீசையை விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் வைத்துவிடும். அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பார்க்கிறவன் கண்ணுக்கு அந்தப் புள்ளிதான் எல்லாவற்றிலும் சுத்தமாக, சந்தேகமே இல்லாமல் தெரியும். மற்றதெல்லாம் மேலும் கீழும் கை விரித்து 'அங்கோட்டு இங்கோட்டு' என்கின்றன. இது மட்டும் அடித்துச் சொல்கிறது.

ஒரே ஒரு ஆள்

ஷைனிக்கு ஃபோன் போட்டேன்.

"ஏட்டி, நாலாவது விசிட்டுக்கு ஏன் ஆளே வரல்ல?"

"மழைக்கால மீன்பிடித் தடை முடிஞ்சாச்சுல்லா. போட்டெல்லாம் எறக்கியாச்சு. எல்லாவனும் கொல்லத்துக்குத் தொழிலுக்குப் போயாச்சு. இந்த விசிட் தேதியப் போட்டவனக் கண்டா நான் ரெண்டு வார்த்த கேப்பேன். கரையில எவன் இருப்பான் இந்தச் சமயத்துல?"

"ஏ-ல ஒருத்தன் வந்திருக்கானே."

"அவனுக்குக் கால் ரொம்ப வீங்கிக் கிடக்கு. போட்டுல ஏற முடியல்ல. அதான் கரையில கிடக்கான், அதான் வந்தான்."

கீழே களியக்காவிளை பஸ்ஸுக்குக் கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான்.

"ஷைனி, அப்ப போனவனுக்கெல்லாம்..."

"கால் எறங்கிருக்கணும். இல்லேன்னா எப்பிடிப் போவான்?"

கால் சரியானவன் கடலுக்குப் போய்விட்டான். சரியாகாதவன் அளக்க வந்தான். மேக்ரோ, வந்தவனை மட்டும் வைத்துக் கோடு போட்டுவிட்டது. கணக்கில் எங்கேயும் தப்பில்லை. கிராஃப் முழுக்கத் தலைகீழ்.

அஜின் அண்ணனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொல்லுது ஒரு கதை மக்கா. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா கிராஃபுல கதை எழுத எடமில்ல."

"எண்ணிக்கை எழுத எடமிருக்கே. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழ எத்தன பேருன்னு போடுவோம்."

"அவிய குடுத்த மாதிரியில அது கிடையாது."

"மாதிரியில இல்லாததுனாலதான அண்ணே இந்தச் சவம் இப்பிடி நிக்குது?"

அவர் முறைத்தார். நானும் முறைத்தேன். கடைசியில், "போட்டு அனுப்பு. ஃபோன் வந்தா நீயே பேசு," என்றார்.

நாலு வரி சேர்த்ததும் அச்சுக்கோட்டுக்குக் கீழே எண்ணிக்கைகள் வந்து உட்கார்ந்தன. நாலாவது விசிட், ஏ குழு: 1. அனுப்பினேன். சாயங்காலமே ஃபோன் வந்தது. மேனேஜர் சென்னைக்காரர்.

"நம்பர்லாம் எதுக்குங்க? ஸ்லைடு கசகசன்னு இருக்கு, எடுத்துடுங்க."

"சார், நாலாவது விசிட்ல ஏ-வுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாருங்க."

ஸ்லைடைத் தேடித் திறக்கிற கிளிக் சத்தம் கேட்டது. "ஒண்ணா?"

"ஒண்ணுதான் சார். மத்தவங்க கடல்ல இருக்காங்க."

அவர் கெட்டவர் இல்லை. அனுப்பியதைப் பார்த்தார், பார்த்ததை நம்பினார், அவ்வளவுதான். "விசிட் தேதி ரெண்டு வாரம் முன்ன பின்ன போகலாம்னு ரூல் இருக்கு. அதுக்குள்ள ஆளைக் கொண்டாந்து அளந்தீங்கன்னா சேர்த்துக்கலாம். இல்லைன்னா இந்த கிராஃப்தான் போகும், சென்டரும் போகும். என்னால அவ்வளவுதான் முடியும்."

ஷைனியிடம் சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணுவது ஃபோனிலேயே கேட்டது.

"ரெண்டு வாரத்துக்குள்ளயா? மாதா திருநாள் வருதுல்லா! கடலே வத்திப் போனாலும் அன்னைக்கு எல்லாவனும் ஊருல நிப்பான்."

திருநாள் அளவு

அருமனைக்காரியான எனக்கு அந்தத் திருநாள் புதுசு. எங்கள் சர்ச்சில் பாட்டும் பிரசங்கமும்தான். இங்கே தெரு முழுக்கக் கலர் பேப்பர், ஸ்பீக்கர், வெடி, கொழுக்கட்டைக்கு மாவு அவிகிற ஆவி. ஆண்கள் எல்லோரும் சலவை வேட்டியில். துபாய் சென்ட் வாசனை மீன் வாசனையைத் துரத்திக்கொண்டிருந்தது.

சோதனைக்குப் பொறுப்பான டாக்டர் விடுமுறை நாளில் அளக்க ஒப்புக்கொண்டு தானும் வந்திருந்தார். பூசையில் ஒரு அறிவிப்பு கொடுத்தால் போதுமே என்றேன். ஷைனி என்னைக் கடித்துக் குதறினாள். "இன்னாருக்குக் கால் வீக்கம்னு மைக்குல பறையவா? ஒருத்தனும் வர மாட்டான்." பூசை முடிந்ததும் அவளே கூட்டத்துக்குள் நுழைந்தாள். ஒவ்வொருவர் காதிலும் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தாள். பத்து நிமிடம் கழித்து, பின்வாசலில் யாரோ தற்செயலாக வந்து நிற்பது போல ஒருவர் நின்றார். பிறகு இன்னொருவர்.

முதலில் வந்தவர் ரூபன் அண்ணன். போட் டிரைவர். (பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, "போடு, போட்டோவும் போடு" என்றார்.) அவர் எங்கேயும் வேட்டியை மடித்துக் கட்டியதே இல்லையாம். ஊரில் அவரை ரொம்ப மரியாதைக்காரர் என்று நினைத்திருந்தார்களாம்.

"இன்னைக்கா ஷைனி? திருநாளும் அதுவுமா? பாயசமாவது குடிக்க வுடு பிள்ளே."

"கால நீட்டும். அளந்துட்டுக் குடிக்கலாம்."

"எறங்கிருக்கா?"

"நான் சொல்லப்பிடாது."

"நீ பறைய வேண்டாம். எனக்க காலு எனக்குத் தெரியாதா? எஞ்சின் ரூமுல ஏணி ஏறி எறங்குனேன்லா." பிறகு கதவருகே நின்ற என்னைப் பார்த்தார். "இது யாரு?"

"கம்ப்யூட்டர்ல கிராஃப் போடுத பிள்ள. அவளுக்கு உங்க பேரெல்லாம் தெரியாது, நம்பரு மட்டும்தான் தெரியும்."

"நம்பரா? லாட்டரியா நானு?"

எனக்கு டேப்பைத் தொட அனுமதி கிடையாது. அளவைப் பார்க்கவும் கூடாது. கதவருகே நின்று ஆட்களை ஒருவர் ஒருவராக உள்ளே விட்டேன். அவ்வளவுதான் என் வேலை. ஆனால் உள்ளே போனவர்கள் வெளியே வந்தபோது நடந்த நடையைப் பார்த்தேன். அதற்கு என்னிடம் மேக்ரோ இல்லை.

இரண்டு கேள்வி

புது டேட்டா பெங்களூரைச் சுற்றி வந்து சேர்ந்தது. ஒரு கிளிக். ஏ கோடு மறுபடி இறங்கியிருந்தது, புள்ளிக்கு மீசை முளைத்திருந்தது. நான் எதிர்பார்க்காதது பி கோடுதான். அதுவும் அதே அளவு இறங்கியிருந்தது. இரண்டு குழுவின் மீசைகளும் ஒன்றையொன்று முழுக்கத் தழுவிக்கொண்டு நின்றன. நான் நகர்த்தி வைத்த அந்த மயிரிழை இல்லாவிட்டால் இரண்டையும் பிரித்தே பார்த்திருக்க முடியாது.

அப்போதைக்கு சென்டர் தப்பியது. ஆனால் அடுத்த வருடம் எல்லா ஊர் டேட்டாவும் சேர்ந்தபோது அதே படம்தான் பெரிதாக வந்தது. ஏ-வுக்கும் பி-க்கும் வித்தியாசம் இல்லை. மருந்தும் மாவும் ஒன்று. கம்பெனி சோதனையை முடித்துக்கொண்டு எல்லா சென்டரையும் மூடச் சொன்னது. அதில் தப்பு சொல்ல என்னால் முடியவில்லை. வேலை செய்யாத மாத்திரையை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

ஷைனி ஆபீஸுக்கே வந்துவிட்டாள். கிராஃபை மேசையில் விரித்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. கால் எறங்கிச்சா, இல்லியா?"

"எறங்கிச்சு. ரெண்டுலயும்."

"பின்ன எந்தச் சவத்துக்கு மூடுதான்?"

கம்பெனி அந்தத் தாளைப் பார்த்துக் கேட்ட கேள்வி, இரண்டு கோடும் விலகியிருக்கிறதா என்பது. ஷைனி கேட்டது, இரண்டு கோடும் இறங்கியிருக்கிறதா என்பது. அதே புள்ளிகள், அதே மீசைகள். என் மேக்ரோ இரண்டுக்கும் பதில் வைத்திருந்தது. ஒரு கேள்வியைத்தான் கேட்கச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு குழுவுக்கும் பொதுவாக நடந்தது தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, புண்ணைப் பார்த்துக்கொண்டதுதான். அதனால்தான் இறங்கியது என்று எழுதித்தா என்றாள் ஷைனி. முடியாது என்றேன். அதை அடித்துச் சொல்ல, கழுவாத ஒரு குழுவும் இருந்திருக்க வேண்டும்.

"கழுவாம ஒரு கூட்டத்த வச்சிருக்க நான் சம்மதிப்பேனா?"

சம்மதிக்க மாட்டாள். அதனால் என்னால் எழுத முடியாது. இன்றுவரை இந்த இடத்தில் எனக்கு ஒரு முடிச்சு அவிழவில்லை. அவள் செய்தது சரி. நான் மறுத்ததும் சரி. கோடு மட்டும் நடுவில் கிடக்கிறது.

எழுத்து இல்லாமலே அவள் சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவைக்குப் போனாள். திங்கள்கிழமை காலைகளில் அந்தப் பின் அறை மட்டும் போதும் என்று கேட்டாள். மாத்திரை கிடையாது, கம்பெனி கிடையாது, கழுவுவது மட்டும். நானும் கூடப் போயிருந்தேன். செயலாளர் தயங்கினார். கல்யாணத்துக்கு விடுகிற ஹால், வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார்.

பின் வரிசையிலிருந்து ரூபன் அண்ணன் எழுந்தார். பிறகு குனிந்து, வேட்டியை எடுத்து, முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார்.

"நல்லாப் பாருங்க. இதத்தான் மறச்சு வச்சிருந்தேன். இப்ப இதோட கடலுக்குப் போறேன், வாறேன். ஹாலு திங்களன்னைக்குச் சும்மாதான கிடக்கு?"

செயலாளர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எட்டு மணிக்குத் தொறந்தாப் போதுமா?" என்று ஷைனியிடம் கேட்டார்.

இதை அந்தப் பின்வாசல் படியில் உட்கார்ந்து டைப் செய்கிறேன். இன்று திங்கள். மோட்டார் ரிப்பேர், கால் கழுவக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கோருகிறார்கள்.